நீலகிரியில் வீடு வாங்குவோருக்கு: கேட்கும் விலையும் கட்டுப்படியாகும் விலையும்

குன்னூர் மார்க்கெட்டிலோ கோத்தகிரி பேருந்து நிலையத்திலோ நின்று ஒரு வீட்டின் விலையை விசாரித்தால், அந்த ஒரே வீட்டுக்கு மூன்று விலைகள் காதில் விழும். வெளியூர்க்காரரிடம் சொல்லும் விலை ஒன்று, ஊர்க்காரர் ஊர்க்காரருக்குக் கைமாற்றும் விலை மற்றொன்று, பத்திரத்தில் எழுதப்படும் விலை வேறொன்று. மலையிலேயே பிறந்து, இங்கேயே ஆசிரியராகவோ செவிலியராகவோ அருவங்காடு தொழிற்சாலையின் ஊழியராகவோ சம்பளம் வாங்குபவர், இந்த மூன்றில் முதலாவதைக் கேட்டுவிட்டு ‘நமக்கெல்லாம் வீடு எங்கே’ என்று திரும்பிவிடுகிறார். அல்லது அதையே உண்மையான விலை என்று நம்பிக் கடனில் சிக்கிக்கொள்கிறார். அவருக்காகவே இதை எழுதுகிறேன். இரண்டாம் வீடாக ஒரு காட்டேஜ் தேடுபவருக்கு இதில் அதிகப் பயன் இருக்காது.

முதலில் சந்தையின் போக்கைப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் இங்கே விலை ஏறுவதற்குச் சமவெளியில் சொல்லப்படும் காரணங்கள் பொருந்துவதில்லை. நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-இல் 7,62,141 ஆக இருந்தது. 2011 கணக்கெடுப்பில் 7,35,394 ஆகக் குறைந்தது. ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் மூடப்பட்டுவிட்டது. பச்சைத் தேயிலைக்குக் கட்டுபடியாகும் விலை கேட்டு சிறு விவசாயிகள் கால் நூற்றாண்டாகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். ஆள் குறைந்து, வருமானமும் குறைந்த ஊரில் வீட்டு விலை இறங்கத்தானே வேண்டும்? இறங்கவில்லை, காரணம், இங்கே விலையை நிர்ணயிக்கும் வருமானம் இங்கே சம்பாதிக்கப்படுவதில்லை. பெங்களூரிலும் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் ஈட்டிய பணம் மலைக்கு வருகிறது, வீடு சுற்றுலா விடுதியாகவும் மாறுகிறது. மறுபுறம் காடு, சரிவு, கட்டட விதிகள் ஆகிய மூன்றும் புதிய வீடுகள் பெருகாமல் தடுக்கின்றன.

இது நமக்கு மட்டும் நேர்ந்த விதி என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் சிறு சந்தை நகரங்களிலும் லண்டனில் சம்பாதித்தவர்கள் வந்து வாங்குவதால் உள்ளூர் இளைஞர்கள் வெளியேறும் நிலை உண்டு. அந்த நாட்டின் தேசியப் புள்ளியியல் அலுவலகம், ஒவ்வொரு உள்ளாட்சிப் பகுதியிலும் வீட்டு விலை அங்கு வேலை செய்பவரின் ஆண்டு ஊதியத்தைப் போல எத்தனை மடங்கு என்று ஆண்டுதோறும் கணக்கிட்டு வெளியிடுகிறது. 1997-இல் இங்கிலாந்து முழுமைக்கும் அது ஏறத்தாழ மூன்றரை மடங்காக இருந்தது. 2024-இல் ஏழே முக்கால் மடங்கை நெருங்கியது. ஐந்து மடங்குக்குள் இருந்தால்தான் கட்டுப்படியாகும் என்பது அந்த அலுவலகம் வைத்துள்ள அளவுகோல். நமது மாவட்டத்துக்கு அப்படியொரு கணக்கை யாரும் போட்டுத் தருவதில்லை, ஆனால் அவரவர் வீட்டுக்கு அவரவரே போட்டுக்கொள்ள முடியும்.

உங்கள் தொகையை முதலில் முடிவு செய்யுங்கள்

வீட்டைப் பார்த்த பிறகு கணக்குப் போட்டால், கணக்கு வீட்டுக்குத் தக்கபடி வளைந்துவிடும். ஆகவே எந்த வீட்டையும் பார்ப்பதற்கு முன்பே ஒரு தாளில் இதை எழுதிவிட வேண்டும். எடுத்துக்காட்டாக, குடும்பத்தின் கைக்கு மாதம் 50,000 ரூபாய் வருகிறது என்றும், சேமிப்பு 8 லட்சம் இருக்கிறது என்றும் கொள்வோம். வங்கிகள் வருமானத்தில் பாதி வரைகூடத் தவணையாக ஏற்கும். ஆனால் மழைக்காலத்தில் மருத்துவச் செலவும், கீழே கோயம்புத்தூருக்கு ஓடும் செலவும், கூரைச் செலவும் உள்ள மலைவாசிக்கு 18,000 ரூபாய்க்கு மேல் தவணை கூடாது என்பது என் கருத்து. எட்டரை சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனுக்கு ஒரு லட்சத்துக்கு மாதம் சுமார் 868 ரூபாய் ஆகும் என்பதால், 18,000 ரூபாய்த் தவணைக்கு ஏறத்தாழ 20.7 லட்சம் கடன் கிடைக்கும். சேமிப்பையும் கூட்டினால் கையில் 28.7 லட்சம்.

இந்த 28.7 லட்சம் வீட்டின் விலை அன்று. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் செலுத்த வேண்டும்; 2023 மார்ச் இறுதி வரை பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்தது, அதைக் குறைத்தபோது, பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை 2017-க்கு முந்தைய நிலைக்கு உயர்த்திவிட்டார்கள் என்பதால் செலவு பெரிதாகக் குறைந்துவிடவில்லை. வழக்கறிஞர், தரகர், பட்டா மாறுதல் ஆகியவற்றுக்கு அரை லட்சம், பழுதுபார்ப்புக்கு 2 லட்சம் ஒதுக்கினால், மேலே சொன்ன குடும்பம் தேட வேண்டிய வீட்டின் விலை 24 லட்சம். அது அவர்களுடைய ஆண்டு வருமானமான 6 லட்சத்தின் நான்கு மடங்கு. 30 லட்சம் கேட்கும் வீட்டை ‘பேசிக் குறைத்துவிடலாம்’ என்று பார்க்கப் போகக் கூடாது. தரகரின் வண்டியில் ஏறிவிட்டால் இறங்குவது கடினம்.

இன்னொன்றும் உண்டு. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் வீட்டு மதிப்பின் 90 சதவீதம் வரையே வங்கி தரலாம், அந்த மதிப்பு நீங்கள் பேசி முடித்த விலை அன்று, வங்கியின் மதிப்பீட்டாளர் எழுதும் மதிப்பு. வண்டிப் பாதை இல்லாத வீட்டுக்கும், வரைபட அனுமதி இல்லாமல் கூட்டிக் கட்டிய அறைகளுக்கும் அவர் மதிப்பே போடாமல் விடலாம். 24 லட்சத்துக்குப் பேசிய வீட்டை அவர் 20 லட்சம் என்று எழுதினால் கடன் 18 லட்சமாகச் சுருங்கி, 2.7 லட்சத்துக்கு வேறு வழி தேட வேண்டிவரும். முன்பணம் கொடுப்பதற்கு முன் மதிப்பீட்டாளரை வரவழைப்பதுதான் இதற்குள்ள ஒரே பாதுகாப்பு.

வருமானம் ஆண்டுக்கு 9 லட்சத்துக்குள் இருந்து, குடும்பத்தில் எவர் பெயரிலும் நாட்டில் எங்கும் கான்கிரீட் வீடு இல்லாதவர்கள், நகர்ப்புறப் பகுதியில் 35 லட்சத்துக்கு மிகாத வீட்டை 25 லட்சத்துக்கு மிகாத கடனில் வாங்கினால், பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனாவின் நகர்ப்புறம் 2.0 திட்டத்தில் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம் கேட்கலாம். அது தவணை தவணையாக அதிகபட்சம் 1.80 லட்சம் வரை வரும். கிராமத்தில் சொந்த இடத்தில் குடிசை வைத்திருப்பவர்களுக்குக் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு கட்ட 3.5 லட்சம் வழங்கப்படுகிறது.

விலையை எங்கே தெரிந்துகொள்வது

இணையத்தில் விளம்பரம் செய்யப்படும் விலைகளைக் கொண்டு சந்தையை அறிய முயல்வது, சீசனில் தாவரவியல் பூங்கா வாசலில் கேரட் விலையைக் கேட்டு உழவர் சந்தை விலையை ஊகிப்பதற்குச் சமம். நடந்து முடிந்த விற்பனையின் விலைதான் தேவை, அது வில்லங்கச் சான்றில் இருக்கிறது. பதிவுத்துறையின் இணையதளத்தில் ஒரு சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கம் பார்த்தால், ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் எதிரே ‘கைமாற்றுத் தொகை’, ‘சந்தை மதிப்பு’ என்று இரண்டு விவரங்கள் வரும். வாங்கப்போகும் வீட்டின் எண்ணை மட்டும் பார்ப்பதோடு பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். அந்தத் தெருவிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள ஐந்தாறு சர்வே எண்களுக்குக் கடந்த பத்து ஆண்டுகளைத் தேடிப் பாருங்கள். எத்தனை வீடுகள் கைமாறின, எந்த ஆண்டில் என்ன தொகைக்கு மாறின, அதே இடம் இரண்டே ஆண்டில் மறுபடி விற்கப்பட்டதா என்பதெல்லாம் அதில் தெரியும். பத்திரத்தில் எழுதும் தொகை உண்மையில் கொடுத்த தொகையைவிடக் குறைவாக இருக்கலாம் என்பது ஊரறிந்தது. ஆயினும் ஏறுமுகமா இறங்குமுகமா என்பதைக் காட்ட அது போதும். இரண்டே ஆண்டில் விற்றவரைத் தேடிப்பிடித்து ஏன் விற்றார் என்று கேட்க முடிந்தால் இன்னும் நல்லது. பெரும்பாலும் தண்ணீர் என்றுதான் பதில் வரும்.

அடுத்த சோதனை வாடகை. விலையில் வெளியூர்ப் பணம் கலந்திருக்கும்; மாத வாடகையில் அது கலப்பதில்லை, ஏனெனில் ஆண்டு முழுவதும் குடியிருப்பவர் இங்கே சம்பாதிப்பவர். மாதம் 9,000 ரூபாய்க்கு வாடகைக்குப் போகக்கூடிய வீடு ஆண்டுக்கு 1.08 லட்சம் தருகிறது. அதற்கு 24 லட்சம் கேட்டால் 22 ஆண்டு வாடகை, யோசிக்கலாம். அதே வீட்டுக்கு 45 லட்சம் கேட்டால் 42 ஆண்டு வாடகை. அங்கே வீட்டின் விலையோடு எதிர்மலையின் காட்சிக்கும் விலை சேர்த்துக் கேட்கப்படுகிறது. காட்சி வேண்டுமானால் கொடுக்கலாம், ஆனால் பள்ளத்தாக்கைப் பார்த்த ஜன்னலுக்கு 21 லட்சம் கொடுப்பதாகத் தெரிந்தே கொடுக்க வேண்டும்.

25 ஆண்டு வாடகைக்கு மேல் விலை கேட்கப்படும் பகுதியில், வாங்காமல் லீஸுக்குப் போவதையும் கருதலாம். 5 லட்சத்தை மூன்று ஆண்டுக்குக் கொடுத்து வாடகையின்றிக் குடியிருந்தால், வங்கியில் போட்டிருந்தால் 7 சதவீதத்தில் ஆண்டுக்குக் கிடைத்திருக்கும் 35,000 ரூபாய்தான் இழப்பு, மேலே சொன்ன 1.08 லட்சம் ஆண்டு வாடகையில் மிச்சம் 73,000. ஆனால் அந்த வீட்டை உரிமையாளர் ஏற்கெனவே வங்கியில் அடகு வைத்திருந்தால் 5 லட்சமும் ஆபத்தில் என்பதால், லீஸுக்கும் வில்லங்கம் பார்த்து ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

மலை நிலத்தின் வகைகள்

சமவெளியில் மலிவாகக் கிடைக்கும் மனைக்கு ஊர்க்கோடியில் இருப்பது காரணமாக இருக்கலாம். இங்கே மலிவாகக் கிடைப்பதற்குப் பெரும்பாலும் காகிதம்தான் காரணம், எனவே இந்தப் பகுதியில் அவசரப்படாமல் நிற்க வேண்டும்.

கூடலூர், பந்தலூர் பக்கம் பாதி விலைக்கு இடம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், அது ‘செக்‌ஷன் 17’ நிலமா என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம (பரம்பரை உரிமை) நிலங்களை அரசு எடுத்துக்கொள்ள 1969-இல் இயற்றப்பட்ட கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கிய நிலங்கள் இவை; தலைமுறைகளாகக் குடியிருப்பவர்களுக்கே பட்டா கிடைக்காமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. முத்திரைத் தாளில் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு இந்த நிலத்தில் கைமாற்றம் நடக்கிறது. அதில் உங்களுக்குக் கிடைப்பது தாள் மட்டுமே, உரிமை கிடைப்பதில்லை. மசினகுடி வட்டாரத்தில் வேறு சிக்கல்: சீகூர் யானை வழித்தடம் குறித்து 2010-இல் வந்த அரசாணையை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது, ஆகவே வழித்தட எல்லைக்குள் வரும் கட்டடத்துக்கு எவ்வளவு மலிவான விலையும் அதிக விலைதான்.

எஸ்டேட் நிலத்தைப் பிரித்து விற்கும் இடங்களில் இரண்டு செய்திகளைச் சரிபார்க்க வேண்டும். தேயிலைத் தோட்டம் என்ற காரணத்தால் நில உச்சவரம்புச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்ற நிலம், தேயிலையைப் பிடுங்கி மனையாக்கப்படும்போது அந்த விலக்கை இழக்கக்கூடும். தோட்டத்தில் மரங்கள் நிறைந்த பகுதி 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்டிருந்தால் ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதியின்றி விற்கவே முடியாது. மேலும், 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு பிரிக்கப்பட்ட அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த வழியில்லை.

படகர் ஹட்டிகளில் (ஊர்களில்) உள்ள நிலம் வேறு வகை. அங்கே மோசடி என்பது அரிது, ஆனால் பட்டா இன்னும் தாத்தாவின் பெயரிலேயே இருக்கும், அண்ணன் தம்பிகள் வாய்வழிப் பாகப்பிரிவினையில் தலைமுறை தலைமுறையாக அனுபவித்து வருவார்கள். விற்பவர் நேர்மையானவராகவே இருந்தாலும், திருமணமாகிப் போன அவருடைய அத்தைகளின் கையெழுத்து இல்லாத பத்திரம் நாளை வழக்காகும். வாரிசுச் சான்று, எல்லாப் பங்குதாரர்களும் கையெழுத்திட்ட பதிவு செய்யப்பட்ட பாகப்பிரிவினை, அதன்பின் உட்பிரிவுப் பட்டா என்ற வரிசையில் அவர்களே முடித்துக்கொண்டு வரட்டும் என்று காத்திருங்கள். ஓராண்டு ஆனாலும் பரவாயில்லை. வெலிங்டன் கன்டோன்மென்ட் எல்லைக்குள் வரும் பழைய பங்களாக்களில், நிலம் பாதுகாப்புத் துறைக்கும் கட்டடம் மட்டும் குடியிருப்பவருக்கும் உரியதாக இருக்கலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கட்ட அனுமதி இன்னொரு பக்கம். நீலகிரியில் கட்டடத்தின் உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது. 1990 முதல் நடப்பில் உள்ள, ஊரில் ‘ஹாகா’ என்று அழைக்கப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் கட்டுப்பாடுகளும், 1993-ஆம் ஆண்டின் மலைவாழிடக் கட்டட விதிகளும் சேர்ந்து கொள்கின்றன. பொக்லைன் வைத்து மண் வெட்டவும் ஆழ்துளைக் கிணறு போடவும் தனித்தனியே அனுமதி வேண்டும். ஆதலால் ‘இப்போது சின்னதாக வாங்கிக்கொண்டு பிறகு மேலே ஒரு மாடி எழுப்பிக்கொள்ளலாம்’ என்ற சமவெளிக் கணக்கு இங்கே செல்லாது. இருக்கும் வீடு இருக்கும்படியே போதுமா என்று பார்த்துத்தான் விலை பேச வேண்டும்.

மழையில் பாருங்கள்

ஏப்ரல், மே மாதங்களில் வீடு பார்க்காதீர்கள். விலை உச்சத்தில் இருக்கும் என்பது ஒரு காரணம். எல்லா வீடும் அழகாக இருக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம். கோத்தகிரி அருகே ஒரு வீட்டை நான் மே மாதத்தில் பார்த்து மனத்தைப் பறிகொடுத்து, முன்பணமும் கொடுத்த பிறகு, நவம்பரில் போய் நின்றபோது படுக்கையறையின் பின்சுவரிலிருந்து தண்ணீர் கசிந்து தரையில் ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக அடித்திருந்த சுண்ணாம்பு அதை ஆறு மாதம் மறைத்திருக்கிறது. முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது.

எந்த மழையில் பார்ப்பது என்பது இடத்தைப் பொறுத்தது. கூடலூர், பந்தலூர், குந்தா, ஊட்டியின் மேற்குப் பக்கம் ஆகியவற்றுக்குத் தென்மேற்குப் பருவமழைதான் சோதனை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது அந்தப் பக்கம்தான். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழை. 1993 நவம்பரில் மரப்பாலத்தில் சரிந்ததும், 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதும் அந்த மழையே. ஆகவே முதல் பக்கத்து வீடுகளை ஜூலை, ஆகஸ்டிலும் இரண்டாம் பக்கத்து வீடுகளை நவம்பரிலும் பாருங்கள்.

வீட்டுக்குள் போவதற்கு முன் பின்னால் போய் நில்லுங்கள். மண்ணைச் செங்குத்தாக வெட்டி அதன் அடியில் வீட்டைச் செருகியிருந்தால், தடுப்புச் சுவர் இருக்கிறதா, அதில் நீர் வெளியேறத் துளைகள் விட்டிருக்கிறார்களா, மழையில் அந்தத் துளைகளில் உண்மையிலேயே நீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். துளையில்லாத சுவர், அல்லது துளையிருந்தும் உலர்ந்து கிடக்கும் சுவர், பின்னால் நீரைத் தேக்கிக்கொண்டு நிற்கிறது. சுவர் முன்பக்கம் வயிறு தள்ளியிருந்தாலும், மேட்டில் உள்ள மரங்கள் அடியில் வளைந்து மேலே நிமிர்ந்திருந்தாலும், அந்தச் சரிவு மெல்ல நகர்கிறது என்று பொருள். புதிய தடுப்புச் சுவருக்கு ஆகும் செலவு, சிறிய வீட்டின் விலையில் கணிசமான பங்காகிவிடும். மணலும் கம்பியும் சிமெண்டும் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வர வேண்டும், வண்டி நிற்கும் இடத்திலிருந்து தலைச்சுமைக் கூலி தனி. நூறு படி இறங்கிப் போகும் வீடுகள் விலை குறைவாக இருப்பதும் இதனால்தான். இளம் தம்பதிக்கு அது நல்ல பேரமாகலாம், கால்வலியுள்ள தாயார் இருக்கும் வீட்டுக்கு ஆகாது. எப்படியாயினும், அந்தப் படிப்பாதை யாருடைய நிலத்தின் வழியே வருகிறது, பாதை உரிமை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று புலப்படத்தை (நில அளவை வரைபடத்தை) வைத்துப் பார்த்துவிடுங்கள்.

தண்ணீரைப் பற்றி விற்பவரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள்: ‘மார்ச் மாதத்தில் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, அக்கா?’ ரேலியா அணையை நம்பிய குன்னூரும் ஈளாடாத் தடுப்பணையை நம்பிய கோத்தகிரியும் கோடையில் படும் பாடு அவருக்குத்தான் தெரியும். லாரித் தண்ணீருக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறார் என்பதையும் கேட்டு, அதை உங்கள் தவணையோடு கூட்டிக்கொள்ளுங்கள். வெயிலும் அப்படித்தான்: டிசம்பரில் காலை எத்தனை மணிக்கு வீட்டின்மேல் வெயில் விழுகிறது என்பது, துணி காய்வதையும் சுவர் பூஞ்சை பிடிப்பதையும் முதியவர்களின் மூச்சையும் தீர்மானிக்கிறது.

ஒப்பந்தமும் பதிவும்

இவ்வளவும் சரியாக இருந்தால் மற்றவை எளிது. கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள்; வங்கிக் கடன் மறுக்கப்பட்டாலோ காகிதத்தில் குறை தெரிந்தாலோ முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்ற வரியை அதில் சேர்க்காமல் கையெழுத்திடாதீர்கள், நான் சேர்க்காமல்தான் பாதியை இழந்தேன். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கும் விற்பவர் அதே அளவு அபராதம் கட்ட நேரும் என்பதால், வங்கி வழியே கொடுப்பது இருவருக்கும் நல்லது. மதிப்பு 10 லட்சத்துக்குள் இருக்கும் சிறிய வீட்டையோ மனையையோ மனைவியின் அல்லது தாயாரின் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது.

பத்திரம் கைக்கு வந்ததும் பட்டா மாறுதல், சொத்துவரிப் பெயர் மாற்றம், குடிநீர் இணைப்புப் பெயர் மாற்றம், மின் இணைப்புப் பெயர் மாற்றம் ஆகிய நான்கையும் அந்த மாதத்திலேயே முடித்துவிடுங்கள். உட்பிரிவு செய்ய வேண்டிய நிலமானால் நில அளவர் சங்கிலியோடு வரும் நாளில் நான்கு பக்கத்து நிலத்துக்காரர்களையும் கூட்டி, எல்லைக் கற்களை அவர்கள் கண்முன் நடச் செய்து, கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேயிலைப் புதர் வளர்ந்தால் இரண்டே மழையில் கல் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.